லபாஷி-மர்துக்: பாபிலோன் அரியணையில் சில வாரங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாபிலோன் என்றால் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருபவர் நேபுகாத்நேச்சார். அடுத்தபடியாகக் கொஞ்சம் படித்தவர்களுக்கு, பாரசீகச் சைரஸிடம் நாட்டை இழந்த நபோனிதஸ். இந்த இருவருக்கும் நடுவே கி.மு. 556-இல் ஓர் இளைஞன் அரியணை ஏறி, ஆண்டு முடிவதற்குள் கொல்லப்பட்டான். அவனைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பது மொத்தமே சில வரிகள். அந்தச் சில வரிகளை எழுதியவர்கள் யார், அவர்களுக்கு அதில் என்ன லாபம் என்று கேட்டுக்கொண்டே படித்தால்தான் இவன் கதை பிடிபடும். கீழே உள்ள பதில்கள் அந்தக் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டவை.

லபாஷி-மர்துக் யார்?

புதிய பாபிலோனியப் பேரரசின் ஐந்தாவது மன்னன். வரிசை இது: நபோபொலாசர் (கி.மு. 626–605), அவர் மகன் இரண்டாம் நேபுகாத்நேச்சார் (605–562), அவர் மகன் அமேல்-மர்துக் (562–560), அமேல்-மர்துக்கின் சகோதரியை மணந்த நெரிக்லிசார் (560–556), நெரிக்லிசாரின் மகன் லபாஷி-மர்துக் (556). அவனுக்குப் பிறகு வந்த நபோனிதஸ் 539 வரை ஆண்டார். அத்தோடு பாபிலோன் தனி அரசாக இருந்த காலம் முடிந்தது.

வரிசையை மறுபடி பாருங்கள். நேபுகாத்நேச்சார் ஒருவரே 43 ஆண்டுகள். அவர் கண் மூடியதும் ஆறே ஆண்டுகளில் மூன்று மன்னர்கள் வந்து போனார்கள். அதில் இருவர் கொலையுண்டவர்கள்.

எத்தனை நாள் ஆண்டான்? ஒரு இடத்தில் 9 மாதம் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 3 மாதம் என்கிறார்கள். எது சரி?

9 மாதம் என்று சொல்பவர் பெரோசஸ். பாபிலோனின் முதன்மைத் தெய்வமான மர்துக்கின் கோயில் பூசாரி, கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் நாட்டு வரலாற்றைக் கிரேக்க மொழியில் எழுதினார். அந்த நூல் தொலைந்துவிட்டது. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் கி.பி. முதல் நூற்றாண்டில் அதிலிருந்து எடுத்துக்காட்டிய பகுதிகளில் இந்த 9 மாதக் கணக்கு இருக்கிறது.

3 மாதம் என்பது ஊருக் நகரில் கிடைத்த மன்னர் பட்டியலின் கணக்கு.

இரண்டையும் விட நம்பகமான மூன்றாவது சாட்சி ஒன்று உண்டு: அன்றாடக் கணக்குப் பலகைகள். பாபிலோனில் கடன் கொடுத்தாலும், பேரீச்சம்பழம் அளந்து வாங்கினாலும், கோயிலுக்கு ஆடு செலுத்தினாலும் எழுத்தர் ஒரு சிறு களிமண் பலகையில் ஆப்பெழுத்தில் எழுதி, கடைசியில் ஊர், மாதம், நாள், ஆட்சி ஆண்டு, மன்னன் பெயர் ஆகியவற்றைக் குறிப்பார். வட்டி கணக்கிட வேண்டுமே, தேதி இல்லாமல் முடியாது. இந்த எழுத்தருக்கு யார் நல்ல மன்னன், யார் கெட்டவன் என்பதில் அக்கறை இல்லை. அன்று யார் பெயரை எழுதினால் பத்திரம் செல்லுமோ அந்தப் பெயரை எழுதுவார்.

அந்தப் பலகைகளை அடுக்கிப் பார்த்தால் கிடைப்பது இது. நெரிக்லிசார் ஏப்ரல் மாதத்தில் இறக்கிறார். மே தொடக்கத்தில் லபாஷி-மர்துக் பெயரில் தேதியிட்ட பலகைகள் வருகின்றன. மே கடைசி வாரத்திலேயே நிப்பூர் நகரில் ஒருவர் நபோனிதஸ் பெயரைப் போட்டுவிட்டார். ஆனால் பாபிலோனுக்கு வடக்கே உள்ள சிப்பாரில் ஜூன் மூன்றாம் வாரம் வரை லபாஷி-மர்துக் பெயரே தொடர்கிறது. ஜூன் இறுதியில்தான் அங்கே நபோனிதஸ் வருகிறார். தலைநகர் பாபிலோனில் மே கடைசி வாரத்தோடு இளைஞனின் பெயர் நின்றுவிடுகிறது. நபோனிதஸ் பெயரில் அங்கே கிடைத்த முதல் பலகை ஜூலை நடுவில்தான்.

ஆக, உண்மையில் கையில் இருந்த காலம் ஒன்றிலிருந்து இரண்டு மாதம். அரியணைக்காக இழுபறி நடந்த நாட்களையும் சேர்த்துக்கொண்டால் ஊருக் பட்டியலின் 3 மாதம் ஓரளவு பொருந்தும். 9 மாதம் எந்த வகையிலும் பொருந்தாது. கிரேக்கத்தில் எண்களை எழுத்துகளால் குறிப்பார்கள். இரண்டுக்கான பீட்டாவை யாரோ ஒரு படியெடுப்பவர் ஒன்பதுக்கான தீட்டாவாக எழுதியிருக்கலாம் என்று ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. நம்பத்தகுந்ததாகவே படுகிறது.

ஒரே நேரத்தில் இரண்டு மன்னர்கள் இருந்தார்களா? செய்தி போய்ச் சேரத் தாமதமாகியிருக்கலாமே?

தொலைவான ஊர்களுக்கு அந்த விளக்கம் சரி. சிப்பாருக்குச் சரியாக வராது. சிப்பார் தலைநகரிலிருந்து ஓரிரு நாள் பயணத்தில் போய்ச் சேரும் ஊர். யூப்ரட்டீஸ் வழியாக எப்போதும் படகுப் போக்குவரத்து இருந்தது. மன்னன் மாறிய செய்தி அங்கே போக மூன்று, நான்கு வாரம் ஆகாது. எனவே சில வாரங்களுக்கு நாடு இரண்டாகப் பிளந்திருந்தது, சில நகரங்கள் பழைய மன்னன் பக்கமே நின்றன என்று படிப்பதுதான் பொருத்தம். "எல்லோரும் வெறுத்த பையன்" என்று பின்னால் சொல்லப்பட்டவனுக்கு இந்த ஆதரவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் இங்கேயே எழுகிறது.

அவன் அப்பா நெரிக்லிசார் எப்படி மன்னரானார்?

மைத்துனரைக் கொன்று. பெரோசஸ் அப்படித்தான் சொல்கிறார்: நேபுகாத்நேச்சாரின் மகன் அமேல்-மர்துக் சட்டத்தை மதிக்காமல் ஆண்டான், சகோதரியின் கணவன் நெரிக்லிசாரால் கொல்லப்பட்டான்.

நெரிக்லிசார் திடீரென்று முளைத்தவர் அல்ல. தந்தை பேல்-ஷும்-இஷ்குன், டைகிரிஸுக்குக் கிழக்கே இருந்த புகூது என்ற அராமேயர் பகுதியின் தலைவர். நெரிக்லிசாரே நேபுகாத்நேச்சார் அரசவையில் உயர் பதவியில் இருந்தவர். எருசலேம் விழுந்தபோது நகர வாசலில் அமர்ந்த பாபிலோன் பிரபுக்களின் பெயர்களை எரேமியா 39-ஆம் அதிகாரம் தருகிறது. அதில் வரும் நெர்கல்சரேத்சேர் இவரே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அதாவது மன்னராவதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன்பே படைத்தளத்தில் பெயர் பெற்றவர். நிலம், வீடு, கடன் என்று சொந்த வணிகத்திலும் கெட்டிக்காரர். பாபிலோனின் பெரிய வணிகக் குடும்பமான எகிபி வீட்டார் அவருக்காகச் சொத்துகள் வாங்கிய பலகைகள் கிடைத்திருக்கின்றன.

மன்னரான பிறகு மகள் கிகீத்தும்மைப் போர்சிப்பாவின் நபூ கோயில் நிர்வாகிக்குத் திருமணம் செய்து கொடுத்தார். கோயில் வட்டாரத்தைத் தன் பக்கம் இழுக்கும் ஏற்பாடு அது. கி.மு. 557–556 குளிர்காலத்தில், இன்றைய துருக்கியின் தென்கரையில் உள்ள மலைநாட்டின் மன்னன் அப்புவாஷு சிரியாவைக் கொள்ளையடிக்கக் கிளம்பியபோது, நெரிக்லிசாரே படை நடத்திச் சென்றார். மலை இடுக்குகளில் விரட்டினார், ஊர்களை எரித்தார், 6,000 வீரர்கள் காத்த பிதூசு தீவைப் பிடித்தார். அப்புவாஷு மட்டும் தப்பிவிட்டான். ஆண்டுவாரியாக நிகழ்வுகளைக் குறித்த பாபிலோனிய நாளாகமம் இந்தப் படையெடுப்பை விரிவாகவே சொல்கிறது. பிப்ரவரி–மார்ச்சில் மன்னர் நாடு திரும்பியதாக முடிக்கிறது.

திரும்பிய சில வாரங்களில் அவர் இறந்தார். வென்று வந்த படை, நிரம்பிய கருவூலம், கோயில்களோடு உறவு எல்லாம் மகனுக்குக் கிடைத்தன. அப்பாவிடம் ஆள் பழக்கம் இருந்தது. அது மட்டும் மகனுக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

அப்படியானால் லபாஷி-மர்துக் நேபுகாத்நேச்சாரின் பேரனா?

தாய் நேபுகாத்நேச்சாரின் மகள் என்றால், ஆம். பெரும்பாலோர் அப்படித்தான் கொள்கிறார்கள். நெரிக்லிசாருக்கு வேறு மனைவியும் இருந்திருக்கலாம், இவன் அவளுக்குப் பிறந்திருக்கலாம், அதனால்தான் பிரபுக்கள் இவனை ஏற்கவில்லை என்று ஓர் ஊகமும் உண்டு. எந்தப் பலகையும் தாயின் பெயரைச் சொல்லி முடிவு கட்டவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம்: அவனைப் பழித்து எழுதிய நபோனிதஸ்கூடப் பிறப்பைக் குறை சொல்லவில்லை. "நெரிக்லிசாரின் மகன்" என்றே குறிப்பிடுகிறார். பிறப்பில் குறை காண வழி இருந்திருந்தால் அவர் விட்டிருப்பாரா என்பது சந்தேகம்.

உண்மையிலேயே சிறுவனா?

இதுதான் இவன் கதையின் மையம் என்பேன். இரண்டு பேர் இவனைச் சிறுவன் என்கிறார்கள். ஒருவர் பெரோசஸ். மற்றவர் நபோனிதஸ், "நெறி கற்காத சிறுவன், தெய்வங்களின் விருப்பத்துக்கு மாறாக அரியணையில் அமர்ந்தான்" என்ற பொருளில் தன் நினைவுக்கல்லில் பொறித்தார்.

கணக்குப் பலகைகள் வேறு கதை சொல்கின்றன. அவன் மன்னனாவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, அப்பா ஆட்சியில், லபாஷி-மர்துக் தன் பெயரிலேயே கொடுக்கல் வாங்கல் நடத்தியதைக் காட்டும் வணிகப் பத்திரங்கள் இருக்கின்றன. பொம்மை வைத்து விளையாடும் வயதில் யாரும் சொந்த வீட்டுக் கணக்கு பார்ப்பதில்லை. குடும்பத்து வயதுகளும் இதற்கு ஒத்து வருகின்றன. அப்பா முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எருசலேம் வாசலில் அமர்ந்த தளபதி. அக்காவோ தங்கையோ, கிகீத்தும் 559-இலேயே மணமானவள். இந்த வீட்டில் 556-இல் ஒரு மகன் பதின்ம வயதைத் தாண்டியிருப்பதே இயல்பு.

பெரிய வயதில்லை, ஆனால் குழந்தையும் இல்லை. இளைஞன் என்று சொன்னால் பெரிதாகப் பிழை இருக்காது. இந்தப் பக்கத்திலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

சிறுவன் என்று சொல்வதால் யாருக்கு வசதி? அரியணையைப் பிடித்தவருக்கு. வயதுவந்த மன்னனைக் கொன்றால் அது ராஜத் துரோகம். ஒன்றும் தெரியாத பையன் கையில் நாடு சிக்கிக்கொண்டது, தெய்வங்கள் தலையிட்டன என்று சொன்னால் அது மீட்பு.

பெரோசஸ் சொல்லும் "கெட்ட குணங்கள்" எவை? என்ன தவறு செய்தான்?

எதுவும் சொல்லப்படவில்லை. "பல கெட்ட குணங்களைக் காட்டியதால்" நண்பர்கள் சதி செய்து அடித்துக் கொன்றார்கள் என்பது மட்டுமே. ஒரு கொடுமை, ஒரு வரி, ஒரு கோயில் அவமதிப்பு, ஒரு பெண் விவகாரம்கூடக் குறிப்பாகச் சொல்லப்படவில்லை. அமேல்-மர்துக்கைப் பற்றியும் பெரோசஸ் இதே தொனியில்தான் பேசுகிறார். கொல்லப்பட்ட மன்னர்கள் இருவருமே கெட்டவர்கள், கொன்றவர்கள் இருவருமே பிறகு ஆண்டவர்கள். இந்த ஒற்றுமை தற்செயலாக இருக்கலாம். நான் பந்தயம் கட்டமாட்டேன்.

ஏழெட்டு வாரத்தில் ஒருவன் என்னதான் கெட்ட பெயர் வாங்கிவிட முடியும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஒருவேளை அப்பா வைத்திருந்த அதிகாரிகளை அவன் மாற்ற முயன்றிருக்கலாம். ஆட்சி மாறும்போது பதவி போய்விடும் என்று பயப்படுபவர்கள்தான் எந்த ஊரிலும் முதலில் கூடிப் பேசுவார்கள். இது என் ஊகம், பலகையில் இல்லை.

கொன்றது யார்?

"நண்பர்கள்" என்கிறார் பெரோசஸ். அரசவையில் மன்னனைச் சுற்றி இருந்த நெருக்கமான பிரபுக்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். கொலைக்குப் பிறகு அவர்கள் கூடிப் பேசி, தங்களில் ஒருவரான நபோனிதஸுக்கு அரசைக் கொடுத்தார்கள் என்று தெளிவாகச் சொல்கிறார். அதாவது பெரோசஸின் கணக்கில் நபோனிதஸும் சதிகாரர்களில் ஒருவர்.

நபோனிதஸ் இதை ஏற்கவில்லை. ஹர்ரான் நகரில் நிறுத்திய கல்வெட்டில், தான் யாருமற்ற ஒற்றை மகன் என்றும், அரசாள்வது பற்றிய நினைப்பே மனதில் இருந்ததில்லை என்றும், சந்திரக் கடவுள் சின்தான் தன்னை அழைத்தார் என்றும் சொல்லிக்கொள்கிறார். அரியணை ஏறும்போது அவர் இளைஞர் அல்ல. அவருடைய தாய் அடத்-குப்பி அப்போதே தொண்ணூறைத் தாண்டியவள். அந்த வயதில் ஒருவர் தனக்காக இவ்வளவு ஆபத்தான சதியில் இறங்குவாரா என்பது நியாயமான கேள்வி.

அதனால்தான் ஆய்வாளர்கள் சிலர் மகன் பக்கம் கை காட்டுகிறார்கள். நபோனிதஸின் மகன் பெல்ஷாத்சார். விவிலியத்தில் சுவரில் எழுத்துத் தோன்றிய விருந்தை நடத்தியவராக வருபவர் இவர். தந்தை மன்னரானதும் பெல்ஷாத்சார் பட்டத்து இளவரசரானார். சில ஆண்டுகளில், தந்தை அரேபியாவின் தைமா பாலைவனச் சோலைக்குப் போய்ப் பத்தாண்டு தங்கிவிட, பாபிலோனை நடைமுறையில் ஆண்டவரும் இவரே. இன்னொரு தடயமும் உண்டு. ஆட்சி மாறியதும் நெரிக்லிசார் குடும்பத்தோடு வணிகத் தொடர்பில் இருந்தவர்கள் பெல்ஷாத்சாரோடு தொடர்பில் இருப்பதைப் பலகைகள் காட்டுகின்றன. கொல்லப்பட்டவன் வீட்டுச் சொத்து இவர் கைக்கு மாறியிருக்கலாம் என்று அதிலிருந்து கருதுகிறார்கள். நீதிமன்றத்தில் இது நிற்காது. ஆனால் கொலையால் லாபமடைந்தவர் யார் என்று தேடினால் முதலில் நிற்கும் பெயர் பெல்ஷாத்சார்தான், தாடி நரைத்த தந்தை அல்ல.

எகிபி வீட்டார் என்ன ஆனார்கள் என்று கேட்டால், ஒன்றும் ஆகவில்லை. நெரிக்லிசாரின் முகவராக இருந்த அந்தக் குடும்பத் தலைவர் நபு-அஹ்ஹே-இத்தின், நபோனிதஸ் ஆட்சியில் அரச நீதிபதியாக இருந்தார். வணிகர்கள் எந்த ஆட்சியிலும் பிழைத்துக்கொண்டார்கள்.

நபோனிதஸின் நினைவுக்கல் இந்தக் கொலையை எப்படி விவரிக்கிறது?

விவரிக்கவில்லை. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் கல் உடைந்தது. நூறாண்டுக்கும் முன்னே சென்று, அசீரிய மன்னன் சென்னாகெரிப் பாபிலோனை அழித்ததில் தொடங்குகிறது. பிறகு அசீரியாவின் அழிவு, நெரிக்லிசார், அவர் மகன் என்று வந்து, நெறி கற்காத சிறுவன் அரியணையில் அமர்ந்தான் என்ற இடத்தில் சில வரிகள் சிதைந்து போயிருக்கின்றன. அடுத்த பத்தியில் வாசகம் மறுபடி தெளிவாகும்போது, நபோனிதஸை அரண்மனைக்குள் அழைத்துச் செல்கிறார்கள், எல்லோரும் காலில் விழுந்து பாதத்தை முத்தமிடுகிறார்கள், மன்னர் என்று வாழ்த்துகிறார்கள். கொலை நடந்திருக்க வேண்டிய இடத்தில் கல் பெயர்ந்திருக்கிறது. கதாசிரியன் இப்படி அமைத்திருந்தால் மிகையாகிவிட்டது என்று திருத்தச் சொல்லியிருப்போம்.

அதைத் தொடர்ந்து வருவதுதான் எனக்கு இன்னும் சுவையானது. நேபுகாத்நேச்சார், நெரிக்லிசார் இருவரின் ஆணைகளையும் நிறைவேற்றும் உண்மையான வாரிசு நானே, அவர்கள் படைகள் என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன என்று நபோனிதஸ் அறிவிக்கிறார். அவர்கள் பெற்ற பிள்ளைகளான அமேல்-மர்துக்கையும் லபாஷி-மர்துக்கையும் ஒரே மூச்சில் சேர்த்து ஒதுக்குகிறார். தந்தையைப் புகழ்ந்து மகனைத் தள்ளும் இந்த உத்தியில் ஒரு சிக்கல் உண்டு. அமேல்-மர்துக்கைத் தள்ளிவிட்டு வந்தவர் நெரிக்லிசார். நபோனிதஸ் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

இன்னொரு பத்தியில் ஒரு கனவு வருகிறது. வானத்தில் பெரிய விண்மீனும் சந்திரனும் நெருங்கி வருவதைக் கண்டு நபோனிதஸ் கலங்குகிறார். கனவில் ஒருவர் தோன்றி அதில் தீய குறி எதுவும் இல்லை என்கிறார். அதே கனவில் இறந்துபோன நேபுகாத்நேச்சார் தேரில் வருகிறார்; என்ன நல்ல குறி கண்டாய் என்று கேட்கிறார். உரிமை உள்ளவர் என்று ஊரே ஒப்புக்கொண்ட மன்னருக்கு, பழைய மாமன்னர் கனவில் வந்து சான்றிதழ் தர வேண்டிய தேவை இருந்திருக்காது.

வானியலாளர் தாலமியின் மன்னர் பட்டியலில் இவன் பெயரே இல்லையே, ஏன்? வேண்டுமென்று அழித்தார்களா?

இல்லை, இங்கே காரணம் கணக்கு முறை. பாபிலோனியர்கள் ஒரு மன்னன் அரியணை ஏறிய நாளிலிருந்து அடுத்த நிசான்னு மாதம் வரை உள்ள காலத்தை ஏறுமுகக் காலம் என்று தனியாக வைத்தார்கள். நிசான்னு மாதம் மார்ச்–ஏப்ரலில் வரும். அதுதான் ஆண்டுப் பிறப்பு. முதலாம் ஆண்டு அந்தப் புத்தாண்டில்தான் தொடங்கும்.

கி.மு. 556 நிசான்னுவில் தொடங்கிய ஆண்டு நெரிக்லிசாரின் நான்காம் ஆண்டு. அவர் உடனே இறந்தார். அதே ஆண்டு லபாஷி-மர்துக்கின் ஏறுமுகக் காலமாகவும், பிறகு நபோனிதஸின் ஏறுமுகக் காலமாகவும் ஆனது. ஒரே ஆண்டுக்கு மூன்று மன்னர்கள். வானியல் கணக்குக்காகப் பயன்பட்ட தாலமியின் பட்டியல் முழு ஆண்டுகளை மட்டும் எண்ணும்: அமேல்-மர்துக் 2, நெரிக்லிசார் 4, நபோனிதஸ் 17. முதலாம் ஆண்டே வராதவனை அதில் எங்கே சேர்ப்பது?

புத்தாண்டைக் காணாததில் இன்னொரு இழப்பும் உண்டு. நிசான்னுவின் முதல் நாட்களில் அக்கிது விழா நடக்கும். அதில் தலைமைப் பூசாரி மன்னனின் செங்கோலையும் மகுடத்தையும் வாங்கி வைத்துவிட்டுக் கன்னத்தில் அறைவார். மன்னன் மண்டியிட்டு, நகருக்குத் தீங்கு செய்யவில்லை என்று மர்துக் முன் சொல்வான். கண்ணீர் வந்தால் தெய்வம் மகிழ்ந்தது என்று பொருள். பிறகு மர்துக்கின் கையைப் பற்றி ஊர்வலத்துக்கு அழைத்துச் செல்வான். மக்கள் கண்ணில் ஒருவன் முழு மன்னனாவது அப்போதுதான். லபாஷி-மர்துக் மன்னனாக அந்த அறையை வாங்கும் வாய்ப்பைப் பெறவில்லை.

நபோனிதஸின் தாய் தன் கல்வெட்டில் எல்லா மன்னர்களையும் பட்டியலிட்டிருக்கிறாளாமே?

அடத்-குப்பியின் கல்வெட்டு. இதன் ஒரு படி 1906-இல் ஹர்ரான் அருகே கிடைத்தது. இன்னொன்று 1956-இல் ஹர்ரான் பெரிய மசூதியில், தரையில் பாவிய கல்லாகக் கிடைத்தது. அசீரிய மன்னன் அசுர்பனிபாலின் 20-ஆம் ஆண்டில் பிறந்தேன் என்று தொடங்கி, ஒவ்வொரு மன்னராகச் சொல்கிறாள்: அசுர்பனிபாலின் 42-ஆம் ஆண்டு வரை, அவர் மகன் அசுர்-எதில்-இலானியின் 3, நபோபொலாசரின் 21, நேபுகாத்நேச்சாரின் 43, அமேல்-மர்துக்கின் 2, நெரிக்லிசாரின் 4. மொத்தம் 95 ஆண்டுகள் சின் கடவுளைத் தொழுதேன், பிறகு என் மகன் மன்னனானான் என்கிறாள்.

கூட்டிப் பாருங்கள்: 22, 3, 21, 43, 2, 4. சரியாக 95. லபாஷி-மர்துக் இல்லாமலே கணக்கு ஒத்துவந்துவிடுகிறது.

மறைத்துவிட்டாள் என்று துள்ளி எழ வேண்டாம். மேலே சொன்ன காரணத்தால் அவன் மாதங்கள் நெரிக்லிசாரின் நான்காம் ஆண்டுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. தனியாகச் சேர்த்தால் கூட்டல் தப்பிவிடும். அவன் பெயரைச் சொல்லாமல் இருக்க அவளுக்கு ஆண்டுக்கணக்கு கைகொடுத்தது. மகனோடு போட்டியிட்டவனின் பெயரைச் சொல்லும் விருப்பமும் அவளுக்கு இருந்திருக்காது. அடத்-குப்பி 547-இல் நூறு வயதைத் தாண்டி இறந்தாள்.

பைபிளில் லபாஷி-மர்துக் வருகிறானா?

இல்லை. முன்னும் பின்னும் இருப்பவர்கள் வருகிறார்கள். அமேல்-மர்துக் "ஏவில்மெரொதாக்" என்ற பெயரில் இரண்டாம் இராஜாக்கள் 25-இல் வந்து, யூதாவின் மன்னன் யோயாக்கீனைச் சிறையிலிருந்து விடுவிக்கிறார். பெல்ஷாத்சார் தானியேல் 5-இல் வருகிறார். அங்கே அவர் நேபுகாத்நேச்சாரின் மகன் போலப் பேசப்படுகிறார். இடையில் இருந்த மூவரும், பெற்ற தந்தை நபோனிதஸும் காணாமல் போகிறார்கள்.

கோயில், அரண்மனை ஏதாவது கட்டினானா? போர் நடத்தினானா?

அவன் பெயரில் கட்டடக் கல்வெட்டு இல்லை, போர்க்குறிப்பும் இல்லை. இந்தக் காலத்துக்கான நாளாகமப் பலகைகளில் நெரிக்லிசாரின் மூன்றாம் ஆண்டைச் சொல்லும் பலகை தப்பியிருக்கிறது. நபோனிதஸின் நாளாகமம் தொடக்கத்தில் சிதைந்திருக்கிறது. இவன் ஆண்ட மாதங்கள் சரியாக நடுவிலுள்ள பள்ளத்தில் விழுந்துவிட்டன.

மெகஸ்தனிஸும் இவனைப் பற்றி எழுதியிருக்கிறாரா? சந்திரகுப்த மௌரியர் அவைக்கு வந்த அதே மெகஸ்தனிஸா?

அதே ஆள்தான். பாண்டிய நாட்டைப் பற்றிப் பண்டையா என்ற கதையைச் சொன்னவரும் அவரே. அபிதேனஸ் என்ற பிற்காலக் கிரேக்க ஆசிரியர், நேபுகாத்நேச்சாரைப் பற்றி மெகஸ்தனிஸ் சொன்னதாகத் தொடங்கும் ஒரு பகுதியில், அடுத்து வந்த மன்னர்களையும் வரிசையாகச் சொல்கிறார்: ஏவில்-மெரொதாக்கை மைத்துனர் நெரிக்லிசார் கொன்றார், அவர் மகன் வன்முறையில் இறந்தான், உறவே இல்லாத நபோனிதஸை மன்னராக்கினார்கள். இந்த வாசகத்தைத் தன் நூலில் எடுத்தாண்டு காப்பாற்றியவர் கிறித்தவ ஆயர் யூசிபியஸ். வரிசைப் பகுதியும் மெகஸ்தனிஸுடையதா, அபிதேனஸ் சேர்த்ததா என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம். எப்படியும், இங்கே "கெட்ட குணம்" என்ற பேச்சு இல்லை. வன்முறையில் இறந்தான் என்பதோடு சரி.

கொல்லப்படாமல் இருந்திருந்தால் பாபிலோன் தப்பியிருக்குமா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, பதில் சுருக்கமானது. லபாஷி-மர்துக் அரியணை ஏறியபோது பாரசீகத்தின் அன்ஷானில் சைரஸ் ஏற்கெனவே மன்னராகி மூன்று ஆண்டுகள். 550-இல் அவர் மீதியரை வென்றார், பிறகு லிடியாவை விழுங்கினார், 539 அக்டோபரில் அவருடைய படை பாபிலோனுக்குள் நுழைந்தது. பாபிலோனில் யார் இருந்திருந்தாலும் அந்தப் படை வந்திருக்கும். நபோனிதஸைப் போல மர்துக் பூசாரிகளோடு மனக்கசப்பு கொள்ளாத ஒரு மன்னன் இருந்திருந்தால் நகரம் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்திருக்குமோ என்னவோ.

மெசபொத்தேமியாவில் இதுபோன்ற குறுகிய ஆட்சிகள் வேறு உண்டா?

உண்டு. இவனுக்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்னே, அக்காட் அரசு சரிந்தபோது, சுமேரிய மன்னர் பட்டியலை எழுதியவரே பொறுமை இழந்து, "மன்னன் யார்? மன்னன் அல்லாதவன் யார்?" என்று கேட்டுவிட்டு இகிகி, இமி, நானும், இலுலு என்று நான்கு பெயர்களை அடுக்கி, நால்வருக்கும் சேர்த்து 3 ஆண்டுகள் என்று முடித்துவிட்டார். ஆளுக்கு ஒன்பது மாதம் வரும்.